சாயப்பட்டறைக்குப் போகும் சேதி

திருப்பூரில் ஏற்றுமதி செய்யும் ஒரு பனியன் கம்பெனியில் மாதக்கணக்கான வேலை சில சமயம் ஒரே ஒரு வரிக்காகக் காத்துக் கிடக்கும். 'பி ஆப்ஷன் அப்ரூவ்ட்' என்று, ஆடையை வாங்கும் வெளிநாட்டு பையரிடமிருந்து வரவேண்டிய வரி அது. ஒரு நிறத்துக்கான பேன்டோன் எண்ணை பையர் தருவார். சாயப்பட்டறை அந்த நிறத்தை ஏ, பி, சி என்று சற்றே வேறுபட்ட சாயல்களில் கையகலத் துணித்துண்டுகளில் ஏற்றிக் கொடுக்கும். லேப் டிப் என்பார்கள். துண்டுகள் கூரியரில் ஐரோப்பாவுக்குப் போகும். அங்கே லைட் பாக்ஸில் வைத்துப் பார்த்து ஒன்றைத் தேர்ந்தெடுப்பார்கள். எது தேர்வானது என்பது டையிங் மாஸ்டரின் காதுக்கு வரும்வரை நிட்டிங் முடிந்த துணி மூட்டை மூட்டையாக அசையாமல் கிடக்கும். சாயம் பிந்தினால் கட்டிங், தையல், செக்கிங், பேக்கிங் எல்லாம் பிந்தும். தூத்துக்குடியில் கப்பலைத் தவறவிட்ட சரக்கு விமானத்தில் போக நேர்ந்தால் அந்தச் செலவு பெரும்பாலும் ஏற்றுமதியாளர் தலையில் விழும். அந்த ஆர்டரின் லாபம் முழுக்க அதில் கரைந்துவிடுவதும் உண்டு.

இந்த வரி கடல் தாண்டி வருவது ஒன்றும் பெரிய காரியமாக இருந்ததில்லை. அலுவலகத்துக்கு வந்த பிறகு, சில கிலோமீட்டர் தள்ளி நொய்யல் பக்கம் இருக்கும் பட்டறைக்குப் போய்ச் சேர்வதுதான் எப்போதும் சிக்கல். மின்னஞ்சலையும் வாட்ஸ்அப்பையும் தானியங்கி வொர்க்ஃப்ளோவால் இணைக்கும் வேலை இன்று உலகம் முழுவதும் நடக்கிறது. அதனால் என்ன கிடைத்தது, என்ன போனது என்று எடைபோட இந்தச் சில கிலோமீட்டரைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை.

1978இல் வெரோனா என்ற இத்தாலிய வணிகர் வந்ததையும், 1981இல் சி அண்ட் ஏ நிறுவனம் வந்ததையும் திருப்பூரின் நேரடி ஏற்றுமதிக்குத் தொடக்கமாகச் சொல்வார்கள். அது டெலக்ஸ் காலம். அந்த இயந்திரம் எல்லாக் கம்பெனியிலும் இருக்காது. அதில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற பேதம் கிடையாது. நேரத்துக்குக் காசு என்பதால் ஆங்கிலச் சொற்களின் உயிரெழுத்துகளையெல்லாம் உதறிவிட்டு மூன்று, நான்கு எழுத்துகளில் முடித்துவிடுவார்கள். செய்தியை முன்கூட்டியே காகித நாடாவில் துளையிட்டு வைத்துக்கொண்டு, இணைப்பு கிடைத்தவுடன் ஒரே ஓட்டமாக ஓடவிடுவார்கள். டெலக்ஸில் ஓர் அருமையான ஏற்பாடு இருந்தது. அனுப்புகிறவர் ஒரு விசையை அழுத்தினால் 'நீ யார்' என்ற கேள்வி மறுமுனைக்குப் போகும். அங்கே ஆளே இல்லாவிட்டாலும் இயந்திரம் தன் அடையாளக் குறியைத் தானே திருப்பி அடிக்கும். செய்தியின் தலையிலும் காலிலும் அந்தக் குறி விழுந்திருந்தால், சரியான இயந்திரத்தில் முழுச் செய்தியும் இறங்கிவிட்டது என்று பொருள். அந்தத் தாளை வணிகர்கள் கோப்பில் பத்திரப்படுத்தினார்கள்.

ஃபேக்ஸ் வந்தபோது அந்த இடத்தை டிரான்ஸ்மிஷன் ரிப்போர்ட் எடுத்துக்கொண்டது. வெப்பத்தாளில் வந்த எழுத்து சில மாதங்களில் மங்கிவிடும் என்பதால், வந்த கையோடு ஜெராக்ஸ் எடுத்துக் கோப்பில் வைப்பார்கள்.

ஆனால் டெலக்ஸும் ஃபேக்ஸும் அலுவலக வாசலோடு சரி. அதற்கு அப்பால் சீட்டுதான், டிவிஎஸ் 50தான். நிறம், தேர்வான எழுத்து, கிலோ ஆகியவற்றை ஒரு சீட்டில் எழுதி, துணித்துண்டை அதில் பின் அடித்து, ஆபீஸ் பையனிடம் கொடுத்தனுப்புவார்கள். மாஸ்டர் துண்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு நோட்டில் கையெழுத்துப் போடுவார். போனவன் வெறுங்கையோடு திரும்பமாட்டான். பாய்லரில் வேலை நடக்கிறது, முந்தைய லாட் இன்னும் இறங்கவில்லை, மாஸ்டர் ஊருக்குப் போயிருக்கிறார் என்று பத்துச் சேதி கொண்டுவருவான். மேனேஜர் அதைக் கேட்டு அடுத்த நாள் வேலையை மாற்றி வைப்பார். இந்தத் திரும்பிவரும் சேதிக்கு அன்று யாரும் பெயர் வைத்திருக்கவில்லை. அதற்கென்று தனிச் சம்பளமும் கிடையாது.

1995 ஆகஸ்ட் 15 அன்று வி.எஸ்.என்.எல். இணையத்தைப் பொதுமக்களுக்குத் திறந்தது. பெருநகரங்களில் தொடங்கியது பிறகு மற்ற ஊர்களுக்கும் பரவியது. மின்னஞ்சல் வந்த பிறகு கடல் தாண்டும் செலவு ஏறக்குறைய ஒன்றுமில்லை என்றாகிவிட்டது. விளைவாக, ஒரு நாளைக்கு நாலு செய்தி வந்த இடத்தில் நூறு வரத் தொடங்கின. லேப் டிப் ஒப்புதல், பட்டன் மாற்றம், அளவுத் திருத்தம், லேபிளில் எழுத்துப்பிழை, இன்ஸ்பெக்‌ஷன் தேதி என எல்லாம் ஒரே பெட்டியில், ஒன்றன்மேல் ஒன்றாக. ஐரோப்பாவின் மாலை நமக்கு இரவு. காலையில் வந்து கணினியைத் திறக்கும், ஆர்டரைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசரின் முதல் வேலை இவற்றைப் பிரிப்பது. எது பட்டறைக்கு, எது பிரிண்டிங்குக்கு, எது முதலாளியிடம் கேட்காமல் அசைக்கக் கூடாதது என்று பிரித்துவிட்டுத் தொலைபேசியை எடுப்பார்.

"மாஸ்டர், அந்த நேவிக்கு அப்ரூவல் வந்துருச்சுங்க. பி போட்டுக்குங்க."

"துண்டக் குடுத்து விடுங்க தம்பி. போன்ல சொன்னத நம்பி லாட் போட முடியாதுங்க."

வாட்ஸ்அப் வந்த பிறகு இதில் ஒரு புதுப் பழக்கம் சேர்ந்தது. கணினித் திரையில் இருக்கும் மின்னஞ்சலைக் கைபேசியில் படமெடுத்துக் குழுவில் போடுவது. எத்தனையோ ஆயிரம் கிலோ துணிக்கு இப்படித்தான் சாயம் ஏறியிருக்கிறது. கோணலாக எடுத்த படம், பாதி வெட்டுப்பட்ட வரி, அதன் கீழே 'ஓகே', அதற்கும் கீழே யாரோ அனுப்பிய காலை வணக்கம். தேவைப்படும்போது தேடினால் கிடைக்காது. அப்படியும் அந்தப் பழக்கம் நிலைத்ததற்குக் காரணம் எளிமையானது. பையர் இருக்கும் இடம் மின்னஞ்சல், பட்டறை இருக்கும் இடம் வாட்ஸ்அப், இரண்டுக்கும் நடுவே ஆள்தான் பாலம்.

மின்னஞ்சலை வேறொன்றோடு இணைப்பது புதிய யோசனை என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. ரே டாம்லின்சன் 1971இல் ஒரு கணினியிலிருந்து இன்னொன்றுக்கு அஞ்சல் அனுப்பிக் காட்டினார். 1982இல் அஞ்சல் பரிமாற்றத்துக்காக ஜான் போஸ்டல் எழுதிய எஸ்எம்டிபி விதிகள் வெளியாகின. இன்றும் அஞ்சல் அந்த அடித்தளத்தில்தான் ஓடுகிறது. கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் எரிக் ஆல்மன் எழுதிய சென்ட்மெயிலில், ஓர் அஞ்சல் முகவரிக்குப் பின்னால் மனிதருக்குப் பதில் ஒரு நிரலை உட்கார வைக்க முடிந்தது. அந்த முகவரிக்கு அஞ்சல் வந்தால் நிரல் ஓடும். விடுப்பில் இருப்பவருக்காகத் தானே பதில் சொல்லும் சிறு நிரலையும் ஆல்மனே எழுதினார். 1990இல் வந்த ப்ராக்மெயில், அஞ்சலின் தலைப்பைப் படித்து அதை இன்ன இடத்துக்கு அனுப்பு என்ற விதிகளை ஏற்றுக்கொண்டது. இன்று விற்பனையாகும் வொர்க்ஃப்ளோக்களின் எலும்புக்கூடு முழுவதும் அதில் இருந்தது. நிரல் எழுதத் தெரிந்தவர்களுக்கு மட்டும் அந்தக் கதவு திறந்திருந்தது, அவ்வளவுதான்.

தானியங்கிகள் ஒன்றோடொன்று பேசினால் என்ன ஆகும் என்பதையும் அவர்கள் அப்போதே பட்டுத் தெரிந்துகொண்டார்கள். விடுப்பில் இருக்கும் ஒருவரின் தானியங்கி, விடுப்பில் இருக்கும் இன்னொருவரின் தானியங்கிக்குப் பதில் அனுப்பும். அது திரும்பப் பதில் அனுப்பும். இருவரும் ஊர் திரும்புவதற்குள் பெட்டி நிரம்பி வழியும். தானியங்கிப் பதில்கள் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று 2004இல் தனி விதித்தொகுப்பே வந்தது. தானாகப் போகும் அஞ்சல் தன் நெற்றியிலேயே அதைச் சொல்ல வேண்டும், அப்படிச் சொல்லும் அஞ்சலுக்கு இன்னொரு தானியங்கி பதில் சொல்லக் கூடாது என்பது அதன் சாரம்.

அஞ்சல் விதிகளில் என்னை மிகவும் கவர்ந்தது வேறொன்று. அஞ்சலைப் பெறும் கணினி '250' என்ற எண்ணைத் திருப்பிச் சொன்னால் 'பெற்றுக்கொண்டேன்' என்று பொருள். அப்படிச் சொன்ன நொடியிலிருந்து அந்த அஞ்சல் அதன் பொறுப்பு. 1989இல் வெளியான இணையக் கணினிகளுக்கான விதித்தொகுப்பு இதை வெளிப்படையாகவே எழுதிவைத்தது: கணினி பழுதாகி நின்றுபோனது போன்ற அற்பக் காரணங்களுக்காக, ஏற்றுக்கொண்ட அஞ்சலைத் தொலைக்கக் கூடாது. சேர்க்க முடியாவிட்டால் அனுப்பியவருக்குத் தகவல் சொல்ல வேண்டும். நாம் சலித்துக்கொள்ளும் 'டெலிவரி ஃபெயில்டு' அஞ்சல் அந்தப் பொறுப்புணர்ச்சியிலிருந்து பிறந்தது. சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியும் தன் கைக்கு வந்ததற்குப் பொறுப்பேற்றுக்கொண்டு அடுத்ததிடம் ஒப்படைக்கிறது. டெலக்ஸின் அடையாளக் குறி, மாஸ்டரின் கையெழுத்து, எஸ்எம்டிபியின் 250 ஆகிய மூன்றும் ஒரே காரியத்தைச் செய்தன. இந்தப் பொறுப்பு, மின்னஞ்சலிலிருந்து வாட்ஸ்அப்புக்குத் தாவும் இடத்தில் யாரிடம் இருக்கிறது? என் கவலை முழுவதும் அந்த இடத்தைப் பற்றித்தான்.

செய்திச் செயலிகள் வளர்ந்த விதம் வேறு. 1992 டிசம்பரில் இங்கிலாந்தில் முதல் குறுஞ்செய்தி போனது. 1988இல் பின்லாந்தில் யார்க்கோ ஒய்க்காரினென் எழுதிய ஐஆர்சி அரட்டை அறைகளில் மனிதர்களோடு போட்டுகள் எனப்படும் தானியங்கி நிரல்களும் உட்கார்ந்திருந்தன. ஸ்டூவர்ட் பட்டர்ஃபீல்டின் குழு, ஒரு விளையாட்டை உருவாக்கும்போது தங்களுக்குள் பேசிக்கொள்ள ஐஆர்சியைச் சுற்றிப் பல கருவிகளைக் கட்டிக்கொண்டது. விளையாட்டு கைவிடப்பட்டது. அந்தக் கருவிகளின் அனுபவம் ஸ்லாக் ஆனது. 2014இல் அது பொதுப் பயன்பாட்டுக்கு வந்தபோது, வெளியிலிருந்து வரும் அறிவிப்புகளை அரட்டைக்குள் கொண்டுவந்து கொட்டுவது அதன் முக்கியமான ஈர்ப்பாக இருந்தது. 2015 ஜூனில் டெலிகிராம் தன் போட்டுகளுக்கான கதவைத் திறந்தது. வாட்ஸ்அப் 2018 ஆகஸ்டில்தான் நிறுவனங்களின் நிரல்கள் நுழைவதற்கான வாசலை, அதாவது ஏபிஐயை, அறிவித்தது. மேகவழியில் அது எல்லோருக்கும் எளிதானது 2022இல்.

இடையில், ஒரு சேவையை இன்னொன்றோடு இணைத்துத் தரும் இணைப்புக் கடைகள் தோன்றின. ஒரு இடத்தில் ஏதாவது நடந்தவுடன் இன்னொரு இடத்தைத் தட்டி எழுப்பும் முறைக்கு ஜெஃப் லிண்ட்சே 2007இல் வெப்ஹுக் என்று பெயர் வைத்தார். அதே ஆண்டு யாஹூ பைப்ஸ் வந்தது. திரையில் பெட்டிகளை இழுத்துக் கோடு போட்டு இணைக்கலாம் என்று காட்டிய அருமையான முயற்சி, 2015இல் மூடப்பட்டது. 2011இல் ஐஎஃப்டிடிடி, அமெரிக்காவின் மிசூரி மாநிலத்துக் கொலம்பியாவில் தொடங்கிய ஜாப்பியர், பிராகாவின் இன்டக்ரோமேட், பெர்லினில் யான் ஓபர்ஹவுசர் எழுதிய என்8என் என்று வரிசையாக வந்தன. தமிழ்நாட்டுக்கும் இதில் நேரடிப் பங்கு உண்டு. சென்னையிலும் தென்காசிப் பக்கத்து மத்தளம்பாறையிலும் அலுவலகங்கள் கொண்ட ஜோஹோ, தன் 'ஃப்ளோ' சேவையை 2018இல் கொண்டுவந்தது. அதற்கும் முன்பே, 2010இல் சென்னையில் தொடங்கிய ஃப்ரெஷ்டெஸ்க், வாடிக்கையாளரின் அஞ்சல் ஒவ்வொன்றையும் எண்ணிட்ட டிக்கெட்டாக மாற்றி, 'இது யார் பொறுப்பு' என்ற கட்டத்தை அதன்மேல் ஒட்டியது. அந்தக் கட்டத்தின் மதிப்பு பலருக்கு இன்னும் புரியவில்லை என்று நினைக்கிறேன்.

இப்போது திருப்பூருக்குத் திரும்புவோம். ஒரு நடுத்தரக் கம்பெனியில் இந்த இணைப்பை எப்படி அமைப்பார்கள்? அமைப்பவர் பெரும்பாலும் மென்பொருள் படித்தவர் இல்லை. எக்ஸெல் நன்றாகத் தெரிந்த ஒரு மெர்ச்சண்டைசராக இருப்பார். பையரின் முகவரியிலிருந்து அஞ்சல் வந்து, பொருள்வரியில் ஸ்டைல் எண்ணும் லேப் டிப் என்ற சொல்லும் இருந்தால் வொர்க்ஃப்ளோ விழித்துக்கொள்ளும். இந்த விழிப்புக்கு டிரிகர் என்று பெயர். அடுத்து, கூகுள் ஷீட்டில் அந்த ஸ்டைல் எண்ணைத் தேடும். எந்தப் பட்டறை, எந்த மாஸ்டர், எத்தனை கிலோ என்பதெல்லாம் அங்கே இருக்கும். பிறகு மாஸ்டரின் எண்ணுக்குத் தமிழில் ஒரு செய்தி போகும்: ஸ்டைல் இன்னது, நிறம் இன்னது, தேர்வு பி. கீழே 'பார்த்துவிட்டேன்' என்று ஒரு பொத்தான். அதை அழுத்தினால் ஷீட்டில் நேரத்தோடு பதிவாகும். அழுத்தாமல் இரண்டு மணி நேரம் போனால் மெர்ச்சண்டைசருக்கு நினைவூட்டல் வரும். இவ்வளவுதான். ஒரு நாள் உட்கார்ந்தால் செய்துவிடலாம்.

வாட்ஸ்அப்பின் கட்டுப்பாடுகளைத் தெரிந்துகொண்டுதான் இறங்க வேண்டும். நிறுவனம் தானாகத் தொடங்கும் செய்தி, முன்கூட்டியே அனுமதி வாங்கிய டெம்ப்ளேட்டாக இருக்க வேண்டும். அதற்குக் கட்டணம் உண்டு. மறுமுனையிலிருப்பவர் பதில் போட்டால் 24 மணி நேரத்துக்கு விருப்பப்படி எழுதலாம். பிறகு மறுபடியும் டெம்ப்ளேட்தான். எல்லாவற்றுக்கும் மேலாக, நம் ஊரில் வேலை நடப்பது குழுக்களில். ஏபிஐயோ நெடுங்காலம் தனி எண்களோடு மட்டுமே பேசியது. அதனால் சிலர் திருட்டு வழியாகக் குழுவுக்குள் நிரலை நுழைத்தார்கள். அப்படிச் செய்தால் எண்ணே முடக்கப்படலாம். பத்தாண்டாக எல்லோரிடமும் இருக்கும் கம்பெனி எண்ணைப் பணயம் வைத்து அதைச் செய்யக் கூடாது.

இதனால் கிடைத்திருப்பது என்ன? முதலில், மாஸ்டருக்குக் கிடைத்த மரியாதை. முன்பு தவறு நேர்ந்தால் 'நாங்க சொன்னோமே' என்று அலுவலகம் சொல்லும், 'யாரும் சொல்லலீங்க' என்று பட்டறை சொல்லும். கடைசியில் பில்லில் பிடித்தம் செய்வது பட்டறைக்குத்தான். இப்போது எத்தனை மணிக்குச் சேதி போனது, எத்தனை மணிக்குப் பார்த்தார் என்பது இரு பக்கமும் ஒரே ஷீட்டில் இருக்கிறது. இரண்டாவது, மெர்ச்சண்டைசரின் காலை நேரம். படமெடுத்து ஒட்டும் வேலை போனால், அவர் உண்மையில் யோசிக்க வேண்டிய அஞ்சல்களை யோசித்துப் படிக்கலாம்.

யோசித்துப் படிக்க வேண்டிய அஞ்சல் என்றால் எது? பையர் எழுதும் ஒப்புதல் எப்போதும் வெறும் ஒப்புதலாக இருப்பதில்லை. 'பி அப்ரூவ்ட், ஆனால் பல்க்கில் கொஞ்சம் சிவப்புக் குறையட்டும்' என்று எழுதுவார். 'காலருக்கு மட்டும் பி, பாடிக்கு மறுபடி அனுப்புங்கள்' என்று எழுதுவார். 'கையில் வேறு தேர்வு இல்லாததால் ஒப்புக்கொள்கிறோம்' என்றும் எழுதுவார். கடைசியாகச் சொன்னது எச்சரிக்கை என்பது அனுபவமுள்ள மெர்ச்சண்டைசருக்கு உடனே தெரியும். 'அப்ரூவ்ட்' என்ற சொல்லைத் தேடும் விதிக்கு மூன்றும் ஒன்றே. மாஸ்டருக்கு மூன்று முறையும் 'தேர்வு பி' என்றே போகும். 500 கிலோ துணியில் சாயம் ஏறிய பிறகு அந்த 'ஆனால்' கண்ணில் பட்டு என்ன பயன்?

ஆகவே நல்ல வொர்க்ஃப்ளோ அஞ்சலைச் சுருக்கக் கூடாது என்பது என் கருத்து. பையரின் சொற்களை அப்படியே சேர்த்தனுப்ப வேண்டும். இரண்டு வரிக்கு மேல் எழுதப்பட்ட ஒப்புதல் எதுவும் மெர்ச்சண்டைசர் கண்பார்வை படாமல் பட்டறைக்குப் போகக் கூடாது. நிறத்தைப் பொறுத்தவரை கைபேசித் திரையையும் நம்பக் கூடாது. துண்டைக் கேட்ட மாஸ்டர் சொன்னது இன்றும் சரிதான். சேதி வேகமாகப் போகட்டும், துண்டு பின்னாலேயே போக வேண்டும்.

அடுத்தது, மௌனமாக நின்றுபோகும் ஆபத்து. ஆபீஸ் பையன் வராவிட்டால் ஒன்பதரை மணிக்கே எல்லோருக்கும் தெரிந்துவிடும். வொர்க்ஃப்ளோ நின்றுபோனால் தெரியாது. சேதி வராத பட்டறை 'இன்னிக்கு அப்ரூவல் எதுவும் வரல போல' என்று நினைத்துக்கொள்ளும். அலுவலகம் 'போயிருக்கும்' என்று நினைத்துக்கொள்ளும். நிற்பதற்குக் காரணங்கள் மிகச் சாதாரணமானவை. கூகுள் கணக்கின் கடவுச்சொல்லை மாற்றினால், ஜிமெயிலைப் படிக்க வெளிச் சேவைகளுக்கு முன்பு கொடுத்த அனுமதிச் சாவி செல்லாமல் போகும். வொர்க்ஃப்ளோவை அமைத்தவர் தன் சொந்தக் கணக்கில் அமைத்திருப்பார். அவர் வேலையை விட்டுப் போய் அந்தக் கணக்கை மூடினால் இணைப்பும் அதோடு மூடிக்கொள்ளும். ஷீட்டில் யாரோ ஒரு பத்தியை நகர்த்தினால் போதும், கிலோ இருக்க வேண்டிய இடத்தில் தேதி போகும்.

நிற்பது ஒரு விதம் என்றால், இரண்டு முறை போவது இன்னொரு விதம். வெப்ஹுக் முறையில், அனுப்பிய பக்கத்துக்குக் குறித்த நேரத்துக்குள் 'கிடைத்தது' என்ற பதில் வராவிட்டால் அது மறுபடியும் அனுப்பும். அனுப்பியது உண்மையில் போய்ச் சேர்ந்து, பதில் மட்டும் வழியில் தாமதமாகியிருக்கலாம். மாஸ்டருக்கு ஒரே சேதி இரண்டு முறை வரும். இரண்டு லாட் என்று அவர் எடுத்துக்கொண்டால் அவரைக் குறைசொல்ல முடியாது. ஒவ்வொரு மின்னஞ்சலுக்கும் தனி அடையாள எண் உண்டு. அதை ஷீட்டில் எழுதிவைத்து, ஏற்கெனவே போன எண்ணா என்று பார்த்துவிட்டு அனுப்பும் ஒரு படியைச் சேர்த்தால் இது தீரும். அந்த ஒரு படியை மறப்பவர்கள்தான் அதிகம்.

அனுமதி யார் கையில் இருக்கிறது என்பதும் மாறிவிட்டது. எஸ்எம்டிபி யாருக்கும் சொந்தமில்லை. செயலிகளோ ஒவ்வொன்றும் ஒரு நிறுவனத்தின் சொத்து. ஜிமெயில் தரவைத் தொடும் வெளிச் சேவைகளுக்கு கூகுள் கடுமையான விதிகளைக் கொண்டுவந்ததும், ஐஎஃப்டிடிடி 2019 மார்ச் இறுதியில் தன் ஜிமெயில் டிரிகர்களை நீக்கிவிட்டது. அந்த விதிகளில் நியாயம் இருந்தது. மக்களின் அஞ்சலை யார் யாரோ படித்துக்கொண்டிருந்தார்கள். ஆனாலும் அதை நம்பி வேலையை அமைத்திருந்தவர்களுக்கு ஒரே நாளில் பாலம் போனது. அமெரிக்காவில் கைபேசி எண்ணோடு தொலைபேசி நிறுவனத்தின் முகவரியைச் சேர்த்து மின்னஞ்சல் அனுப்பினால், அது குறுஞ்செய்தியாகப் போய்ச் சேரும் வசதி பல ஆண்டுகள் இருந்தது. ஏடி அண்ட் டி அதை 2025 ஜூனில் மூடியது. நம் நாட்டில் வணிகக் குறுஞ்செய்திகளுக்கு டெம்ப்ளேட்டைப் பதிவு செய்யும் விதி 2021 மார்ச் 8 அன்று நடைமுறைக்கு வந்தபோது, பதிவில் பொருந்தாத செய்திகள் தடுக்கப்பட்டு நாடெங்கும் ஓடிபிகள் வராமல் போயின. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் அந்தச் சரிபார்ப்பை ஏழு நாள் நிறுத்திவைக்க வேண்டியதாயிற்று. தேவையான விதிதான். ஆனாலும் எதிலெல்லாம் நம் பாலம் கட்டப்பட்டிருக்கிறது என்பதை அந்த ஒரு நாள் எல்லோருக்கும் காட்டிவிட்டது.

இப்போது செயற்கை நுண்ணறிவு மொழி மாதிரிகள் நடுவில் வந்து உட்கார்ந்திருக்கின்றன. சொல்லைத் தேடும் விதியைவிட இவை பல மடங்கு மேல். 'ஆனால்' என்பதைப் புரிந்துகொள்கின்றன. ஜெர்மன் மொழியில் வந்த அஞ்சலைத் தமிழில் மாஸ்டருக்குப் புரியும்படி எழுதுகின்றன. இது உண்மையான முன்னேற்றம், நான் மனதார வரவேற்கிறேன். ஆனால் படிக்கத் தெரிந்த இயந்திரத்தை ஏமாற்றவும் முடியும். 2025 ஜூனில் வெளியே தெரியவந்த எக்கோலீக் என்ற குறைபாட்டில், மைக்ரோசாஃப்ட் 365 கோபைலட் படிக்கும் அஞ்சலுக்குள் மறைத்து எழுதிய கட்டளையால், பயனர் எதையும் அழுத்தாமலே தகவலைக் கசியவைக்க முடியும் என்று ஆய்வாளர்கள் காட்டினார்கள். மைக்ரோசாஃப்ட் அதைச் சரிசெய்துவிட்டது. ஆனால் அஞ்சல் என்பது யார் வேண்டுமானாலும் எழுதிப் போடக்கூடியது என்ற அடிப்படை மாறவில்லை.

ஏற்றுமதித் தொழிலில் 'எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது, இனி இந்தக் கணக்குக்கு அனுப்புங்கள்' என்ற மோசடி அஞ்சல் பழைய கதை. முகவரியில் ஒரே ஓர் எழுத்து மாறியிருக்கும். அதே சேதி கம்பெனியின் சொந்த வாட்ஸ்அப் எண்ணிலிருந்து ஒழுங்கான தமிழில் கணக்குப் பிரிவுக்குப் போனால், அதற்கு அது சம்பாதிக்காத நம்பிக்கை வந்துவிடும். பணம், வங்கிக் கணக்கு, முகவரி மாற்றம் இவை மூன்றையும் எந்த வொர்க்ஃப்ளோவிலும் விடக் கூடாது என்பதில் எனக்குத் துளியும் சந்தேகமில்லை. தொலைபேசியை எடுத்து, பழைய எண்ணில் கூப்பிட்டு, தெரிந்த குரலைக் கேட்டுவிட்டுத்தான் மாற்ற வேண்டும்.

நேரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். முன்பு இரவு 11 மணிக்கு வந்த அஞ்சல் காலைவரை பெட்டியிலேயே தூங்கியது. வொர்க்ஃப்ளோ தூங்குவதில்லை. மாஸ்டரின் தலையணைப் பக்கத்தில் கைபேசி ஒலிக்கும். நைட் ஷிப்ட் நடக்கும் பட்டறையில் அது தேவையாக இருக்கலாம். வீட்டிலிருப்பவருக்குத் தேவையில்லை. இந்த நேரத்திலிருந்து இந்த நேரம்வரை நிறுத்திவை என்ற படி பல சேவைகளில் கிடைக்கிறது. மாஸ்டரிடம் கேட்டு அந்த நேரத்தை வைப்பது முதலாளியின் கடமை.

இத்தனைக்கும் பிறகு மிச்சமிருப்பது திரும்பிவரும் சேதி. இன்று நான் அறிந்த இணைப்புகளில் பெரும்பாலானவை ஒருவழிப் பாதைகள். மின்னஞ்சலிலிருந்து வாட்ஸ்அப்புக்கு, மேலிருந்து கீழுக்கு. பாய்லர் நின்றுபோனதை மாஸ்டர் தமிழில் வாய்ஸ் மெசேஜாகத்தான் சொல்கிறார். 'பார்த்துவிட்டேன்' பொத்தானில் அதற்கு இடமில்லை. குழுவில் போட்டால், மெர்ச்சண்டைசர் கேட்டால் உண்டு, கேட்காவிட்டால் இல்லை. பையருக்கு அது போய்ச் சேரும்போது ஒரு வாரம் ஆகியிருக்கும். அதற்குள் அவர் கடைகளுக்குத் தேதி சொல்லியிருப்பார்.

இந்தத் திசையையும் கட்ட முடியும். பேச்சை எழுத்தாக்கும் கருவிகள் கொங்குத் தமிழில் தடுமாறினாலும், வந்த வாய்ஸ் மெசேஜை அந்த ஸ்டைல் எண்ணின் கோப்பில் சேர்த்து, 'பட்டறையிலிருந்து சேதி, கேட்கவும்' என்று மெர்ச்சண்டைசரின் பெட்டிக்கு மின்னஞ்சலாக அனுப்புவதற்கு எந்த மொழி மாதிரியும் தேவையில்லை. அதை அவர் கேட்டுவிட்டு பையருக்கு ஆங்கிலத்தில் இரண்டு வரி எழுதட்டும். 'பார்த்துவிட்டேன்' பொத்தானுக்குப் பக்கத்தில் 'முடியாது, காரணம் சொல்கிறேன்' என்று இரண்டாவது பொத்தானை வைக்கலாம். காலையில் மெர்ச்சண்டைசர் முதலில் பார்க்க வேண்டியது மூன்று எண்கள்: நேற்று வந்த ஒப்புதல் அஞ்சல் எத்தனை, பட்டறைகளுக்குப் போன சேதி எத்தனை, அங்கிருந்து திரும்பி வந்தது எத்தனை. முதல் இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் இணைப்பில் கோளாறு. மூன்றாவது தொடர்ந்து பூஜ்யமாகவே இருந்தால் உடனே பட்டறைக்கு ஒரு போன் போட வேண்டும். ஷீட்டின் தலைப்பில், அன்றைக்கு இந்த எண்களுக்கு யார் பொறுப்பு என்று ஒரு பெயரும் எழுதியிருக்க வேண்டும்.